பொங்கலுக்குள் ஒரு புடலங்காய்

1

ஊர்ச் சனசமூக நிலையத்து ஆண்டு மலருக்கு, வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பும்படி கடிதம் வந்தது. கடிதம் என் மகள் யசோதாவின் பெயருக்குத்தான் வந்தது. அவள் அதை வாசித்துவிட்டு, "எனக்கு எங்க நேரம்? நீங்கள் எழுதுங்கோ அம்மா" என்று என் முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்காக எழுத முடியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். போன வருடத்து மலரை எடுத்துப் பார்த்தேன். எழுதியவர்கள் எல்லாரும் பனியைப் பற்றியே எழுதியிருந்தார்கள். பனி உங்களுக்கு அலுத்திருக்கும். எனக்கு அதைவிட அலுத்துவிட்டது. ஆகவே நான் புடலங்காயைப் பற்றி எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை அச்சடிக்கிறவர்கள் திருத்திக் கொள்ளட்டும். புடலங்காயைப் பற்றி நான் சொல்வதை ஒருவரும் திருத்த வேண்டாம்.

நாங்கள் இருப்பது மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற இடத்தில், மூன்றாம் மாடியில். யசோதா, மருமகன், பன்னிரண்டு வயதுப் பேத்தி மதுரா, நான். கீழே இறங்கினால் மண் இருக்கிறது. ஆனால் அது வருடத்தில் ஐந்து மாதம்தான் மண். மிச்சம் ஏழு மாதமும் கல்லு மாதிரிக் கிடக்கும். நல்லகாலமாக எங்கள் ஹோலில் தெற்குப் பார்த்த பெரிய யன்னல் ஒன்று இருக்கிறது. என் தோட்டம் அந்த யன்னல்தான். ஐஸ்கிறீம் பெட்டிகளில் வெந்தயக்கீரை, கொத்தமல்லி. வாளியில் பச்சை மிளகாய். மூலையில் கறிவேப்பிலை. ஒரு மல்லிகைச் சாடி, இரண்டு செவ்வந்திச் சாடி. வெளியே ஆட்கள் மூக்கு மட்டும் தெரிய மூடிக்கொண்டு போவார்கள். உள்ளே என் மல்லிகை மொட்டு வைத்திருக்கும். வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்கு நான் கடைப்பூ வாங்கியதில்லை.

2

இந்தத் தோட்டம் தொடங்கியது ஒரு கோபத்தில்.

வந்து இரண்டாம் வருடம், ஏதோ பத்திரம் நிரப்ப ஒரு கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த வெள்ளைக்காரப் பெண் பிரெஞ்சில் கேட்க, எனக்குத் தமிழில் சொல்ல ஒரு பிள்ளை பக்கத்தில் இருந்தது. சென்னைப் பிள்ளை. நல்ல பிள்ளை.

"ஊர்ல என்ன வேலை பண்ணீங்கம்மா?"

"தோட்டம் செய்தனான்."

"ஓ, வீட்டுல செடி கொடியெல்லாம் வளர்ப்பீங்களா? ஸ்வீட்!"

"வீட்டில இல்லைப் பிள்ளை. நாலு பரப்பு வெங்காயம், மூண்டு பரப்பு மிளகாய். புடலை, பாகல், பயித்தை எல்லாம் பந்தல் போட்டு. மனுசன் செத்த பிறகு பதினொரு வருசம் தனியச் செய்தனான்."

அந்தப் பிள்ளை அதை ஒரு வசனமாகச் சுருக்கிச் சொன்னது. வெள்ளைக்காரப் பெண் தலையாட்டிவிட்டு ஒரேயொரு சொல் எழுதினா. தந்த பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து மதுராவிடம் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"வேலை ஒண்டும் இல்லை எண்டு போட்டிருக்கு அம்மம்மா."

எனக்கு வந்த கோபத்துக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பின்னேரமே ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றைக் கழுவி, அடியில் துளை போட்டு, வெந்தயம் விதைத்தேன். ஏழாம் நாள் கீரை. மருமகன் பருப்போடு சாப்பிட்டுவிட்டு, "மாமி, இது கடைக்கீரை இல்லையே" என்றார். தோட்டக்காரிக்கு அது போதும்.

3

புடலைக்குக் காரணம் பிலோமினா அக்கா. யாழ்ப்பாணம் பாசையூர் ஆள், என்னைவிட மூன்று வயது மூப்பு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் பூசை முடிந்தால் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து தேநீர் குடிப்பா. மனம் தங்கம். வாய்தான் கொஞ்சம் அரிவாள். போன ஆவணியில், ரொறன்ரோவில் இருக்கும் தம்பியின் வளவில் காய்த்தது என்று ஆறு புடலம் விதையைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தா.

"வைச்சிரு தங்கச்சி, வாற கோடைக்குப் பாப்பம்."

"ஏன் கோடை வருமட்டும் வைச்சிருக்கவேணும்? இப்பவே போடுறன்."

"உனக்கென்ன விசரே? குளிருக்கை வீட்டுக்குள்ள கொடி ஓடும், காய்க்காது. பூச்சி புழு இல்லாமல் எங்க காய்க்கிறது?"

"அப்ப நான் பூச்சியாய் இருக்கிறன்" என்றேன்.

இரண்டு விதை முளைத்தது. மருமகன் இரண்டு ரியூப் லைற்றை யன்னலுக்கு மேலே கட்டித் தந்தார். மணி பார்த்துத் தானே எரிந்து, இரவு பத்துக்குத் தானே அணைகிற மாதிரி ஒரு சுவிட்சும் போட்டார். ஐப்பசிக்குள் கொடி திரைச்சீலைக் கம்பியைப் பிடித்துவிட்டது. நான் கூரையோரமாகச் சணல் கயிறு கட்டினேன். அது கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே, யசோதா புதிதாக வாங்கிய சோபாவுக்கு மேலே என்று பந்தல் போட்டது. அந்தச் சோபாவின் பொலித்தீன் உறையை அவள் இன்னும் கழற்றவில்லை. நாங்கள் எல்லாரும் அதன் விளிம்பில்தான் இருப்போம். அதற்கு மேலே என் கொடி பழுத்த இலையை உதிர்த்தால் அவளுக்கு எப்படி இருக்கும்?

அந்த நேரம் பார்த்து வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம் வந்தது. அவர் ஒரு கிரேக்கக் கிழவர், கீழ் மாடியில் இருக்கிறார். எங்கள் யன்னல் எந்நேரமும் வேர்த்து வழிகிறது, சுவர் கறுக்கிறது, ஜனவரி மாதம் வந்து பார்ப்பேன் என்று எழுதியிருந்தார். யசோதா கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினாள்.

"அம்மா, உங்களோட சண்டை பிடிக்க எனக்கு ஏலாது. தைப்பொங்கல் வருமட்டும் பாப்பம். அதுக்குள்ள ஒரு காய், ஒரேயொரு காய் வரட்டும், நான் வாய் திறக்கமாட்டன். வராட்டில் லைற்று, கொடி, சாடி ஒண்டும் இந்த ஹோலுக்கை இருக்கப்படாது."

"மல்லிகையுமோ?"

"எல்லாம்தான்."

"சரி" என்றேன். மானத்துக்குச் சொன்னேன். ஆனால் அன்று பின்னேரம் முழுக்க யோசனைதான். புடலை போனால் புடலை மட்டும் போகாது. என் காலைநேரமே போய்விடும். பிறகு எழும்பி என்ன செய்வது? ஒரு தேநீரைக் குடித்துவிட்டு அடுத்த தேநீருக்காகப் பார்த்துக்கொண்டிருப்பதா?

4

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். ஊரில் இருக்கிறவர்கள் சிரிக்க வேண்டாம். நீங்களும் இதே பிழையைத்தான் விடுவீர்கள்.

பூசணிக்குப் பூச்சி வராவிட்டால், காலையில் ஆண் பூவைப் பிடுங்கிப் பெண் பூவில் தொட்டுவிட வேண்டும். அது எனக்குத் தெரியும். புடலையும் அப்படித்தான் என்று நினைத்தேன். விடிய எழும்பி, முகம் கழுவி, கதிரையில் ஏறிப் பூவைத் தேடுவேன். ஆண் பூக்கள் கொத்தாக நிற்கும், ஆனால் எல்லாம் சுருங்கிப்போய் நிற்கும். இதழைப் பிரித்துப் பார்த்தால் தூள் வராது. விடாமல் தடவினேன். பெண் பூ வந்தது. பின்னால் விரல் நகம் அளவில் ஒரு பிஞ்சு. மூன்றாம் நாள் மஞ்சளாகி விழுந்தது. இன்னொன்று வந்தது. அதுவும் விழுந்தது. மூன்றாவது யசோதாவின் சோபாவில் விழுந்தது. அவள் அதை இரண்டு விரலால் தூக்கி என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஏசியிருந்தால் நல்லது.

கார்த்திகை மாதம் ஒரு பின்னேரம், யசோதா வாடகைக்கு எடுத்த நாடக வீடியோக் கொப்பியைப் போட்டுவிட்டுப் பார்க்க இருந்தாள். ரியூப் லைற்று வெளிச்சம் தொலைக்காட்சியில் பட்டு முகங்கள் தெரியவில்லை. "சீ, இதென்ன கரைச்சல்" என்று போய் லைற்றை நிறுத்திவிட்டாள். ஐந்து மணி இருக்கும். இங்கே அந்த மாதத்தில் ஐந்துக்கே இருட்டு. நான் கோபத்தில் அறைக்குள் போய்விட்டேன்.

ஆறரைக்கு மதுரா கூப்பிட்டாள். "அம்மம்மா! ஓடி வாங்கோ! பூ அசையுது!"

போய்ப் பார்த்தால், கூரையெல்லாம் பூ விரிந்துகொண்டிருக்கிறது. வெள்ளை வெளேரென்று, ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, பின்னல் வேலை செய்த கைலேஞ்சித் துணி மாதிரி. நாடகத்தில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். ஒருவரும் பார்க்கவில்லை. நாலு பேரும் அண்ணாந்துகொண்டு நின்றோம்.

புடலை இருட்டில் பூக்கிற சாதி. நாற்பது வருடம் நட்டிருக்கிறேன், காய் ஆய்ந்திருக்கிறேன், சந்தைக்கு அனுப்பியிருக்கிறேன். பூ விரிவதை ஒரு நாளும் பார்த்ததில்லை. பொழுதுபட்ட பிறகு பந்தலுக்குள் யார் போனது? பாம்புக்குப் பயந்து போகவேமாட்டோம். அந்த நேரம் விட்டில்கள் வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கின்றன. காய் மட்டும் என் கணக்கில் வந்திருக்கிறது. இங்கேயோ நான் இரவு பத்துவரை லைற்றை எரித்துவிட்டு, பூ விரிகிற நேரம் குறட்டை விட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து நாலு மணிக்கே லைற்று நிறுத்தம். ஆனால் பெண் பூ? தேடித் தேடிப் பார்த்ததில், சோபாவுக்கு நேர் மேலே ஒரேயொரு மொட்டு. பொங்கலுக்குள் காயாகக் கூடியது அது ஒன்றுதான். கணக்குப் பார்த்தேன்: திங்கட்கிழமை விரியும்.

5

சனிக்கிழமை ரொறன்ரோவில் என் தங்கச்சி மகனின் கலியாணம். மார்கழி பிறப்பதற்கு முன் கடைசி முகூர்த்தம். பெரியம்மா நான் போகாமல் விட முடியாது. யசோதாவுக்கு லீவு கிடைக்கவில்லை, ஆகவே உறவுக்காரர்களின் வான் வண்டியில் நான் மட்டும் போனேன். ஞாயிறு பின்னேரம் திரும்புவதாகத் திட்டம்.

ஞாயிறு விடியப் பனி கொட்டத் தொடங்கியது. பனியைப் பற்றி எழுதமாட்டேன் என்றேன், ஆகவே விடுகிறேன். செவ்வாய் வரைக்கும் வான் அசையாது என்றார்கள்.

திங்கள் நாலரைக்கு, ரெலிபோன் கார்ட்டில் இருக்கிற நம்பரெல்லாம் தங்கச்சியைக் கொண்டு அமத்துவித்து வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"பிள்ளை, லைற்றை நிப்பாட்டினியோ?"

"இப்பதான் வேலையால வந்தனான் அம்மா. சப்பாத்தும் கழட்டேல்லை."

"சப்பாத்து கிடக்கட்டும். நிப்பாட்டு. பேந்து ஆறரைக்கு எடுக்கிறன்."

ஆறரைக்குள் கலியாண வீட்டில் எல்லாருக்கும் விசயம் தெரிந்துவிட்டது. பனியால் யாரும் போகமுடியாமல் இருபது பேர் வரை அங்கேயே கிடந்தோம். ரெலிபோனைச் சத்தமாக எல்லாருக்கும் கேட்கிற மாதிரி யாரோ அமத்திவிட்டார்கள்.

"விரிஞ்சிட்டுது அம்மா." யசோதாவின் குரல் மெல்லமாக வந்தது, குழந்தை நித்திரை கொள்ளும் வீட்டில் கதைப்பது போல. "எல்லாம் விரிஞ்சிட்டுது. எது ஆம்பிளை, எது பொம்பிளை?"

"கொத்தாய் நிக்கிறது ஆம்பிளை. தனிய நிக்கிறது பொம்பிளை. பின்னால சின்னப் பிஞ்சு இருக்கும், பார்."

மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் மூலையில் இருந்து, "பொம்பிளை தனிய, ஆம்பிளையள் கூட்டமாய். எங்கட கலியாண மண்டபம் மாதிரியே கிடக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆரம்மா சிரிக்கிறது?"

"நீ அதை விடு. ஆண் பூவொண்டைப் புடுங்கி, இதழைப் பிச்சுப் போட்டு, நடுவில இருக்கிற மஞ்சள் தூளைப் பெண் பூவின்ர நடுவில மெல்லத் தடவு."

"எட்டேல்லை."

"கதிரையை வை."

"கதிரை வைக்க இடமில்லை. சோபா நிக்குது."

சோபாவில் ஏறு என்று நான் சொல்லக்கூடாது, அது எனக்குத் தெரியும். பிறகு பொலித்தீன் கரகரவென்று கேட்டது.

"ஏறிட்டன்" என்றாள். "இன்னும் கழட்டாத சப்பாத்தோட ஏறிட்டன் அம்மா."

"நல்லது பிள்ளை. தடவு."

"எத்தினை தரம்?"

"மூண்டு தரம்."

"ஏன் மூண்டு?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் மூண்டுதானே."

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று சித்தப்பா கத்தினார். கலியாண வீடு முழுக்கக் கை தட்டியது. புது மாப்பிள்ளைக்கு அந்த அளவு கைதட்டு விழவில்லை என்று தங்கச்சி பிறகு சொன்னாள்.

6

செவ்வாய் பின்னேரம் வீட்டுக்கு வந்து, குளிருடுப்பைக் கழற்ற முன்னரே கதிரையை இழுத்தேன். "தொடாதேங்கோ!" என்று யசோதா சமையலைப் போட்டுவிட்டுக் குசினியிலிருந்து ஓடி வந்தாள். "நாலு நாளைக்கு ஒருத்தரும் தொடப்படாது."

நாலாம் நாளும் பிஞ்சு பச்சையாகவே நின்றது. ஒரு கிழமையில் விரல் நீளம், பிறகு முழ நீளம். யசோதா வேலையால் வந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பாள். தையல் நாடாவால் அளந்து சுவரில் பென்சிலால் கோடு போட்டாள். சுவர் கறுக்கிறது என்று கவலைப்பட்டவள்தான்.

நுனியில் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டால்தான் புடலங்காய் நேராக இறங்கும். இல்லாவிட்டால் சுருண்டுவிடும். இது உங்கள் எல்லாருக்கும் தெரியும். மார்கழி மாதத்து மொன்றியலில் கல்லுக்கு எங்கே போவது என்பதுதான் உங்களுக்குத் தெரியாதது. எல்லாம் பனிக்குக் கீழே. மருமகன் சுத்தியல் குறடு வைக்கும் தன் ஆயுதப் பெட்டியிலிருந்து ஒரு இரும்பை எடுத்துத் தந்தார். "இரும்பு கட்டினால் காய் கசக்கும் தம்பி" என்று சொல்லிவிட்டேன். உண்மையோ தெரியாது. ஆனால் கல்லுத்தான் வேண்டும்.

பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் சப்பாத்துக் குதியால் கிண்டிக்கொண்டு நின்றேன். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண், நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்துத் தானும் குனிந்து கிண்டினா. கடைசியில் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கல் வந்தது. நான் சந்தோசத்தில் அதைத் தூக்கிக் காட்டினேன். அவ கல்லைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. நன்றிக்கு "மேர்சி" சொல்ல வேண்டிய இடத்தில் எனக்கு வணக்கம் சொல்கிற "பொன்ஜூர்" வந்துவிட்டது. அவவும் "பொன்ஜூர்" என்றுவிட்டு, கொஞ்சம் தள்ளிப்போய் நின்றா.

தை பிறக்க ஒரு கிழமை இருக்கும்போது, சொன்னபடி வீட்டுச் சொந்தக்காரர் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார். பிறகு அண்ணாந்தார். இரண்டு கையையும் விரித்தால் வருகிற ஒரு பாகம் நீளத்தில், நுனியில் கல்லோடு என் காய் சோபாவுக்கு மேலே தொங்கியது. அவர் கையைக் காட்டி ஏதோ சொன்னார். யசோதா பிரெஞ்சில் பதில் சொன்னாள். ஒரு வசனம் இல்லை, ஒரு பிரசங்கம். எனக்குச் சொல் விளங்கவில்லை. ஆனால் காயை யார் தொட்டாலும் நடக்கிறது வேறு என்பது மட்டும் நல்லாக விளங்கியது. அவர் கடைசியில் மெதுவாக நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"என்னடி சொன்னவள்?" என்று மதுராவைக் கேட்டேன்.

"இது எங்கட சாமிக்கு நேர்ந்த காய், திருநாள் முடியுமட்டும் அசைச்சால் பாவம் எண்டு அம்மா சொன்னவா." அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "முழுப் பொய் அம்மம்மா."

அடுத்த நாள் கிழவர் ஒரு சின்ன மின்விசிறியைக் கொண்டுவந்து தந்தார். யன்னலடியில் வைத்தால் ஈரம் பிடிக்காதாம். தன்னுடைய நிலவறையிலும் ஒரு அத்திமரம் சாடியில் நிற்கிறதாம், அதற்கும் இப்படித்தானாம். வைத்தோம். இரண்டு நாளில் கண்ணாடி காய்ந்துவிட்டது.

7

பொங்கலன்று விடிய, பொங்கிப் படைத்து முடித்த கையோடு நான் கத்தியை எடுத்தேன். வெட்டுகிற பருவம்தான். இன்னும் ஒரு கிழமை விட்டால் முற்றிவிடும். மத்தியானம் பிலோமினா அக்கா சாப்பிட வருகிறா. அவ வருகிற ஞாயிறெல்லாம் "உங்களுக்குப் புடலங்காய்க் கறி வைச்சுத் தாறன்" என்று வாய் விட்டிருக்கிறேன்.

யசோதா காய்க்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"வெட்டக் குடுக்கமாட்டன்."

"என்னடி பிள்ளை? பொங்கல் மட்டும் எண்டு நீதானே சொன்னனி?"

"காய் வரவேணும் எண்டுதான் சொன்னனான். வந்திட்டுது. வெட்டவேணும் எண்டு ஆர் சொன்னது? இதை விதைக்கு விடப்போறன்."

"அப்ப கறிக்கு?"

"கத்தரிக்காய் கிடக்கு."

நாற்பது வருடம் தோட்டம் செய்தவளிடம், விதைக்கு விடுவது எது, கறிக்கு வெட்டுவது எது என்று ஒருத்தி கதைக்கிறாள். நான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். ஊரில், நல்ல காயை ஆய வந்த ஆட்களிடம் நான் காட்டிய அதே முகம். கத்தியைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டேன். வெந்தயமும் மல்லிகையும் இருந்த இடத்திலேயே இருக்கும் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

பிலோமினா அக்கா வந்து, சப்பாத்தைக் கழற்றி, நிமிர்ந்து, அப்படியே நின்றுவிட்டா. அவவைப் பேசாமல் நிற்க வைத்த காய் உலகத்தில் அது ஒன்றுதான்.

"மாதாவே! மாரிக் குளிருக்கை, வீட்டுக்குள்ள! ஆரின்ர கைராசி இது?"

நான் பதில் சொல்ல வாயெடுக்க முன்னம், பொங்கல் தட்டோடு வந்த யசோதா முந்திவிட்டாள்.

"என்ர" என்றாள்.

பிலோமினா அக்கா என்னைப் பார்த்தா. எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது: விதை போட்டது யார், கயிறு கட்டியது யார், கல் தேடியது யார் என்று எல்லாம். வாயில் பொங்கல் இருந்தது. அதையும் இதையும் சேர்த்து விழுங்கினேன்.

"ஓம் அக்கா" என்றேன். "அவளின்ரதான்."